புது வீட்டுத் தோட்டம் வாடுகிறதா? மருந்துக் கடைக்கு முன் கடப்பாரை

கூடுவாஞ்சேரியைத் தாண்டி, ஏரிப்பாசன வயலாக இருந்து மனைப்பிரிவாக மாறிய ஓரிடத்தில் குடியிருக்கிறேன். கிரகப்பிரவேசம் முடிந்து ஐந்தாறு மாதம் ஆனதும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். “வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது சார், இப்போது பாருங்கள், என்ன மருந்து அடிக்கலாம்?” நான் வேளாண்மை படித்தவன் இல்லை. முதலில் என் தோட்டத்தைக் கெடுத்துக்கொண்டு, பிறகு அதே கோளாறை அடுத்த தெருவிலும் அதற்கடுத்த தெருவிலும் பார்த்துப் பார்த்துக் கை பழகியவன். பெரும்பாலான வீடுகளில் பூச்சியும் இருப்பதில்லை, நோயும் இருப்பதில்லை. வீடு கட்டியவர்கள் மண்ணுக்குள் விட்டுச்சென்றதுதான் செடியைப் படுத்துகிறது.

ஆகையால் மருந்து வாங்கும் முன் கையில் நான்கு பொருள் இருக்கட்டும்: ஒரு கடப்பாரை, ஒரு வாளி, அரை கப் வினிகர், தண்ணீரின் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர். மீட்டரைக் குடியிருப்பில் ஒருவர் வாங்கினால் போதும், தெருவே பயன்படுத்தலாம். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு.

உங்கள் செடியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். வரிசையை மாற்றாதீர்கள்.

## கன்று வைத்து மூன்று மாதமாகியும் துளிர் விடவில்லை

செத்தும் போகவில்லை, வளரவும் இல்லை. நர்சரியிலிருந்து எத்தனை இலையோடு வந்ததோ அத்தனை இலையோடு நிற்கிறது. என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான்.

### தூரைத் தடவிப் பாருங்கள்

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலை விடுங்கள். இரண்டு விரல் ஆழத்திலேயே முதல் வேர் தட்டுப்பட்டால் சரி. நான்கு விரல் தோண்டியும் வெறும் தண்டுதான் வருகிறதென்றால் கன்றை ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள். மண்ணை விலக்கி, பை இருந்தபோது எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். (வாழை போன்ற கிழங்கு வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

அப்படியே கறுப்பு பிளாஸ்டிக் பை உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அடியில் மட்டும் கிழித்துவிட்டுப் பையோடு நட்டுப் போன தோட்டக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பை இருந்தால் பக்கவாட்டில் கீறி உருவிவிடுங்கள். வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் மூன்று நான்கு இடங்களில் நறுக்குங்கள். இப்போது பாவம் பார்த்து விட்டுவிட்டால், மரமான பிறகு முதல் புயலிலேயே சாயும்.

### குழி, தொட்டியாகிவிட்டதா?

ரோடு ரோலரும் ஜே.சி.பி.யும் ஓடி இறுகிய கிராவலில் ஒன்றரை அடிக்குக் குழி எடுத்து, அதில் மட்டும் செம்மண்ணும் எருவும் போட்டு நட்டால் அது குழியல்ல, தொட்டி. வேர் நல்ல மண் இருக்கும் வரை ஓடி, சுவரைத் தொட்டதும் திரும்பி வரும். செடியிலிருந்து இரண்டடி தள்ளிக் கடப்பாரையைக் குத்துங்கள். நான்கு விரற்கடைக்கு மேல் இறங்க மறுக்கிறதா? இதுதான் கோளாறு.

செடியைப் பிடுங்க வேண்டாம். சுற்றிலும் இரண்டடித் தூரத்தில் நான்கு பக்கமும் கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத்துக்குத் துளை போட்டு, மட்கிய எருவும் மணலும் கலந்து நிரப்புங்கள். மேலே காய்ந்த சருகு, தேங்காய் மட்டை என்று அரையடி மூடாக்கு. தண்டை மட்டும் ஒட்டக் கூடாது. அடுத்த மழைக்காலத்தில் இன்னும் ஓரடி தள்ளி இன்னொரு சுற்று. மெதுவான வேலைதான். ஆனால் மண்புழு வந்துவிட்டால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

### கடப்பாரை ‘டங்’ என்கிறதா?

என் வீட்டு எலுமிச்சை இரண்டு முறை செத்தது. முதல் முறை நர்சரிக்காரரைத் திட்டினேன். இரண்டாம் முறை வேப்பம் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் என்று எல்லாம் கொடுத்தேன். மூன்றாவது கன்றுக்குக் குழியை ஓரடி நகர்த்தித் தோண்டியபோது கடப்பாரை கோயில் மணி போல ஒலித்தது. மண்ணை விலக்கினால், சாம்பல் நிறத்தில், விளிம்பில் மண்வெட்டித் தடம் அப்படியே பதிந்த ஒரு பலகை. கொத்தனார்கள் எட்டு மாதம் கலவை போட்ட இடம். மிஞ்சிய கலவை நாள்தோறும் தரையில் இறுகி, நாலங்குலக் காங்கிரீட்டாகிவிட்டது. மேலே இரண்டு லோடு செம்மண் கொட்டி மூடி, “தோட்டத்துக்கு இடம் ரெடி சார்” என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

எல்லாப் புது வீட்டிலும் இப்படி ஓர் இடம் உண்டு. வீடு கட்டும்போது எடுத்த பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். கலவை போட்ட இடம், ஜல்லி குவித்த இடம், பெயின்டர் டப்பா கழுவிய மூலை எல்லாம் அதில் தெரியும். படம் இல்லையென்றால் மூன்றடிக்கு ஒரு குத்தாகத் தோட்டம் முழுக்கக் கடப்பாரையை இறக்கிக்கொண்டே போங்கள். ஒலி மாறும் இடத்தைச் சுண்ணாம்பால் குறியுங்கள்.

பிறகு வினிகர். சந்தேகப்படும் இடத்தில் அரையடி ஆழத்து மண் ஒரு பிடி எடுத்து அதன்மேல் ஊற்றுங்கள். சோடா போலப் பொங்கினால் சுண்ணாம்பும் சிமென்டும் மண்ணில் ஏறியிருக்கின்றன. (இயற்கையாகவே சுண்ணாம்புக் கட்டி உள்ள மண்ணும் பொங்கும். அந்தப் பகுதிக்காரர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.) லேசான பொங்கலென்றால் தாராளமாக மட்கிட்டுச் சமாளிக்கலாம். நுரைத்துத் தள்ளினால் கந்தகம், ஜிப்சம் என்று யாராவது சொல்வதைக் கேட்டுக் காசைக் கரைக்காதீர்கள். ஜிப்சம் சோடிய உப்பு மிகுந்த மண்ணுக்கானது, சிமென்டுக்கு அல்ல. பலகையை உடைத்து எடுத்துவிட்டு வேறு மண் போடுவதைத் தவிர வழியில்லை.

### எங்கே குத்தினாலும் செங்கல், ஓடு, பிளாஸ்டிக்

மனையை உயர்த்துவதற்குக் கட்டட இடிபாட்டைக் கொட்டியிருக்கிறார்கள். முழுவதையும் அள்ள நினைக்காதீர்கள். அள்ளினால் அதைக் கொட்டுவது எங்கே? மரம் வைக்கும் இடங்களில் மட்டும் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் தோண்டிச் சலித்து, மற்ற இடத்தில் தரைக்கு மேலேயே ஓரடி உயர மேட்டுப்பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். தோண்டிய செங்கல்லே பாத்திக்குக் கரை.

இன்னும் ஒன்றும் நடவில்லையா? அதிர்ஷ்டசாலி நீங்கள். தக்கைப்பூண்டு விதையைத் தூவி, 45 நாளில் பூவெடுக்கும் சமயம் மடக்கி மண்ணிலேயே கொத்திவிடுங்கள். உப்பு மண்ணையும் தாங்கும், ஈரத்தையும் தாங்கும், இறுகிய மண்ணில் வேரையும் இறக்கும். ஆறு மாதம் பொறுத்து நடுபவர் முந்திக்கொண்டு நட்டவரை இரண்டாம் ஆண்டில் தாண்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

### எப்போது ஆளை அழைப்பது

பலகை சுவருக்கு அடியில் போகிறது என்றாலோ, ஒரு கட்டில் அளவுக்கு மேல் பெரிது என்றாலோ உடைப்பான் எந்திரம் வைத்திருப்பவரை அழையுங்கள். அதற்கு முன் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று பிளம்பரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் கேட்டுவிடுங்கள். மண்ணைப் பற்றி முடிவு தெரியவில்லையென்றால் மாவட்டத்தில் உள்ள அரசு மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. நான்கைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோனால் போதும். செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று சொல்லாமல் மருந்து கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதலில் அதைப் பாருங்கள்.

### எல்லா இலையும் மஞ்சள், மண் சொதசொதவென்று இருக்கிறது

தண்ணீர் மிகுதி. புது வீட்டின் உற்சாகத்தில் காலையும் மாலையும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வருவது. ஒரு கம்பியை அரையடி இறக்கி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வாடிய செடியும் தண்ணீர் கேட்பது போலத்தான் தெரியும், ஏனென்றால் வேர் அழுகினாலும் இலை தொங்கும். கம்பி பொய் சொல்லாது.

### அடி இலை மஞ்சள், நுனி பச்சை

தழைச்சத்துக் குறைவு. செம்மண் லோடில் மண் இருக்கும், உயிர் இருக்காது. ஒரு செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ மட்கிய தொழுவுரமோ மாதம் ஒருமுறை. ஒன்று கவனம்: பச்சை மரத்தூளையும் மட்காத தென்னை நார்க்கழிவையும் மண்ணில் கலந்துவிட்டால் அவை மட்குவதற்கே இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் போடலாம், உள்ளே கலக்காதீர்கள்.

### நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை. இட்லிப்பூ, மல்லிகை, செம்பருத்தி மூன்றிலும் முதலில் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் இட்லிப்பூச் செடியைத்தான் பார்ப்பேன். அதன் நுனி வெளுத்திருந்தால், சுவரோரம் சிமென்டு இருக்கிறது என்று தோண்டாமலே சொல்லலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டிருக்கிறது.

உடனடி நிவாரணம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), சில துளி எலுமிச்சைச் சாறு. மாலையில் இலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. புதிதாக வெள்ளையடித்த சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக் கறை, தேய்த்தாலும் போகாது. பழைய புடவையைச் சுவரில் தொங்கவிட்டுக்கொண்டு தெளியுங்கள். துளிர் பச்சையாகி மறுபடி மூன்றாம் மாதம் வெளுக்கிறதென்றால், முந்தைய தலைப்பின் வினிகர் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். இல்லையென்றால் அந்தச் செடியைத் தொட்டிக்கு மாற்றுங்கள். ஆயுள் முழுக்கத் தெளித்துக்கொண்டிருப்பது தோட்டக்கலை ஆகாது, வைத்தியம்.

### சுவரை ஒட்டிய கீரைப்பாத்தி பற்றி

அறிகுறி எதுவும் தெரியாத இடம் என்பதால் இங்கேயே சொல்கிறேன். வீடு கட்டும்போதே அடித்தளத்தைச் சுற்றிக் கறையான் மருந்து, பெரும்பாலும் குளோர்பைரிபாஸ் அல்லது இமிடாகுளோப்ரிட், ஊற்றுவது வழக்கம். உங்கள் வீட்டுக்கு ஊற்றினார்களா என்று கட்டியவரைக் கேளுங்கள். ஊற்றியிருந்தால் சுவரிலிருந்து மூன்றடிக்குள் கீரை, முள்ளங்கி, மஞ்சள் எதுவும் மண்ணில் போட வேண்டாம். அங்கே நந்தியாவட்டை வையுங்கள். கீரைக்குத் தொட்டி இருக்கிறது.

## இலையின் ஓரமும் நுனியும் கருகுகின்றன

வெயிலால் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுவார்கள். அந்தத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும்.

### எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீரை மீட்டரில் (பி.பி.எம். அளவில்) அளந்து பாருங்கள். 450க்குக் கீழே இருந்தால் காரணம் வேறு. 450 முதல் 2000 வரை என்றால் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000க்கு மேல் என்றால் உப்பைத் தாங்கும் மரங்களைத் தவிர மற்றவை திணறும். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என்று இரு முறை அளப்பது நல்லது. ஒரே போரில் எண் ஏறி இறங்கும்.

ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் ‘சேமித்து’ச் செடிக்கு விடுகிறவர்கள் அதையும் அளந்து பாருங்கள். உள்ளே போன உப்பெல்லாம் அதில்தான் வருகிறது. ஏரித் தண்ணீர் வரும் வீட்டில் அது கெடுதல் செய்யாமல் போகலாம். போர் தண்ணீர் வீட்டில் அது தரை கழுவுவதற்கே. மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை. இரவெல்லாம் ஓடினால் ஒரு வாளி கிடைக்கும். மல்லிகைக்கும் எலுமிச்சைக்கும் அதை ஒதுக்குங்கள்.

### தண்ணீர் நல்லது, ஆனாலும் கருகுகிறது

கழுவாத தென்னை நார்க்கழிவில் உப்பு நிறைய உண்டு. கட்டியாக வாங்கியதை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தண்ணீர் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். பிழிந்த நீரை மீட்டரில் அளந்தால் உங்களுக்கே தெரியும். அடுத்த சந்தேகம் யூரியாவும் டி.ஏ.பி.யும் கைநிறையப் போட்டது. ஒரு முறை நன்றாக வடியும்படி நல்ல தண்ணீர் விட்டு இறக்கிவிடுங்கள்.

### உப்பு நிச்சயமாகிவிட்டது

உப்பைப் போக்கும் வழி மழைதான், அதுவும் இலவசம். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர். சென்னைப் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த நாளில் தண்ணீரைத் தெருவுக்கு விரட்டாமல், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டப்பாத்தி எடுத்துத் தேங்கி இறங்கவிடுங்கள். வேர்ப்பகுதி உப்பு கீழே இறங்கும். வடிகால் இல்லாத மண்ணில் இது நடக்காது. அதற்கு அடுத்த தலைப்பு.

கூடவே செடியை மாற்றுங்கள். தென்னை, சப்போட்டா, வேம்பு, புங்கன், பூவரசு, கொடுக்காப்புளி ஆகியவை உப்பைப் பொறுத்துக்கொள்ளும். எலுமிச்சையும் பீன்ஸும் பொறுக்காது. உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊட்டி ரோஜாவுக்கு ஆசைப்படுவது வீண்.

மண் காய்ந்தால் வெள்ளைப் பூத்து, நனைந்தால் பசையாகி, விட்ட தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கிறதா? சோடியம் ஏறியிருக்கலாம். மீட்டர் அதைப் பிரித்துச் சொல்லாது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஜிப்சம் எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லட்டும், கடைக்காரர் அல்ல.

## மழை நின்று இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை

முதலில் குடையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே வெளியே வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வெயில் நாளில் முடியாது. மாடிக் குழாய் தோட்டத்தில் கொட்டுகிறதா, பேவர் பிளாக் தளம் உள்பக்கம் சரிந்திருக்கிறதா, தெருவை உயர்த்திப் போட்டதில் தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதா? முதல் இரண்டும் சில நூறு ரூபாய்க் குழாயிலோ ஒரு நாள் வேலையிலோ தீரும்.

அடுத்து மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அது கட்டாயம். அதனால் குழி இருக்கும். வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. மூடியைத் திறந்து பாருங்கள். நான் திறந்த குழிகளில் சிமென்டுப் பை, பூச்சு மணல், ஒருமுறை கொத்தனாரின் தேய்ந்துபோன செருப்பு ஒன்றும் இருந்தது. அள்ளிச் சுத்தம் செய்து, கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போட்டால் அந்த மழைக்காலத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அதுவும் சரியென்றால் குழிச் சோதனை. ஓரடி நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி தோண்டி நிரம்பத் தண்ணீர் விடுங்கள். வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி நேரத்தைக் குறியுங்கள். அரை நாளுக்குள் வற்றினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். மாலையில் விட்டது மறுநாள் காலையும் நிற்கிறதென்றால் கிராவலுக்கு அடியில் பழைய வயல் களிமண் தட்டு இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்பதற்காகவே பல தலைமுறையாகச் சேறடித்துப் பக்குவப்படுத்திய மண் அது. தன் வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது, பாவம். அதனோடு சண்டை போடாமல் மேட்டுப்பாத்திக்குப் போங்கள். பப்பாளியும் கறிவேப்பிலையும் மேட்டில். பள்ளத்தில் சேம்பு, கல்வாழை.

தண்ணீர் உங்கள் வீட்டில் மட்டுமல்லாமல் நான்கைந்து மனைகளில் சேர்ந்து நிற்கிறதென்றால் அது தோட்டப் பிரச்சினையே அல்ல. எங்கோ வரத்து வாய்க்காலை மூடியிருக்கிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கம் வழியாக உள்ளாட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத வேண்டிய வேலை அது. தேங்கிய நீரில் நாற்றம் இருந்தால் காத்திருக்காதீர்கள். செப்டிக் டேங்க் கசிகிறது. பிளம்பர் வரும் வரை அந்த இடத்துக் கீரையைச் சமைக்க வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் பாருங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவையுங்கள்.

## புல்தரை திட்டுத் திட்டாகக் காய்கிறது

என் கருத்தை மறைக்கவில்லை: எடுத்துவிடுங்கள். சதுர மீட்டருக்குக் கோடையில் நாள்தோறும் சுமார் 5 லிட்டர் வேண்டும். 500 சதுர அடிப் புல்தரை என்றால் ஒரு நாளைக்கு 230 லிட்டர். 2019 ஜூனில் சென்னையே லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றதை நினைத்துப் பாருங்கள்.

இருக்கட்டும், வேண்டும்தான் என்றால்: காய்ந்த திட்டில் கத்தியை இறக்குங்கள். அடியில் கல் பலகை தட்டினால் முதல் தலைப்பு. மண் நன்றாக இருந்து புல் கையோடு பாய் போல உரிந்து வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது. வேப்பம் புண்ணாக்கைத் தூவித் தண்ணீர் விடுங்கள். இரண்டும் இல்லையென்றால் மிகவும் ஒட்ட வெட்டுகிறார்கள், இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள். அல்லது நம் அருகம்புல்லுக்கு மாறுங்கள். காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்கு எழுந்துவிடும்.

## கோரை முளைத்துக்கொண்டே இருக்கிறது

செம்மண் லோடோடு கிழங்காக வந்தது. அடுத்த லோடு இறக்கும் முன் லாரியிலேயே இரண்டு பிடி அள்ளி, கறுப்பு மணிபோல் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வந்துவிட்டதா? பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீர்கள், கோரை அதை ஊசிபோல் குத்திக்கொண்டு வெளியே வரும். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கும். ஈரம் இருக்கும்போது கிழங்கோடு தோண்டி, வெயிலில் காயவையுங்கள். மட்குக் குழியில் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பருவம் முழுக்க. கோரைக்கு ஆகாதது நிழல். சணப்பை அடர்த்தியாக விதையுங்கள், அல்லது சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடுங்கள்.

## இலையில் வெள்ளை, கறுப்பு, ஓட்டை

செம்பருத்தியில் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. முதலில் ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலை நேரத்தில், வாரம் ஒருமுறையாக மூன்று முறை. எறும்பு ஏறினால் அதைத் தடுங்கள்; பூச்சிக்குக் காவல் அதுதான். தீராவிட்டால் அந்தக் கிளையைக் கவாத்து செய்துவிடுங்கள்.

தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரி பூசியது போல இருந்தால் சுருள் வெள்ளை ஈ. தமிழ்நாட்டில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது, இப்போது எங்கும் உண்டு. இதற்குக் கடும் மருந்து அடிப்பது தப்பு. அந்த ஈயைத் தின்றழிக்கும் குளவியும் சேர்ந்து செத்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை, வேகமான தண்ணீர், பொறுமை.

மழை முடிந்த இரவில் இலை ஓட்டையானால் டார்ச்சோடு போங்கள். உள்ளங்கை நீள ஆப்பிரிக்க நத்தையாக இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், நோய்க் கிருமி சுமக்கக் கூடியது. நனைத்த சாக்கைப் பாத்தியில் போட்டுவைத்தால் விடியும்போது அதனடியில் கூடியிருக்கும். கையுறையோடு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அந்த வாளியைத் தோட்டத்தில் கவிழ்க்காதீர்கள்.

## தென்னை ஓலை கத்தரித்தது போல இருக்கிறது

விரிந்த ஓலையில் ‘வி’ வடிவ வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு. அது வளர்வது பக்கத்து எருக்குழியில், பெரும்பாலும் நீங்கள் ஆசையாக ஆரம்பித்த மட்குக் குழியிலேயே. குழியைக் கிளறி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழுக்களைப் பொறுக்குங்கள், கோழி இருந்தால் அதற்கு விருந்து. இளங்கன்றில் குருத்தை ஒட்டிய மூன்று ஓலை இடுக்குகளில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் வையுங்கள்.

தண்டில் ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு, மென்று துப்பிய நார் என்று தெரிந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. இதில் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். தோட்டக்கலைத் துறை அலுவலரையோ, 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையத்தையோ அன்றைக்கே கேளுங்கள். தாமதித்தால் அந்த மரம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மரமும் போகும்.

## மரம் ஆடுகிறது, அல்லது சாய்ந்திருக்கிறது

தூரைக் கையால் அசையுங்கள். தண்டு மட்டும் வளைந்து தூர் அசையாமல் இருந்தால் பயமில்லை. மேல் கிளைகளில் சிலவற்றைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். கட்டிய கயிறும் கம்பும் இரண்டு வருடமாக அப்படியே இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், கட்டிலேயே வளர்ந்த தண்டு தானாக நிற்காது.

தூரோடு மண் தூக்கினால் வேர் சுருளிலேயே நின்றுவிட்டது. ஆளுயரம் வரை என்றால் பிடுங்கிப் புதிதாக வைப்பதே மேல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்துபோன மறுநாள் எங்கள் தெருவில் கிடந்த மரங்களின் வேரைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் நர்சரிப் பையின் வட்டம் அப்படியே இருந்தது, நாலங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டோடு.

காம்பவுண்டு சுவரில் விரிசல் விட்டால், விரிசலுக்கு நேர் கீழே தோண்டி வேர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மரத்தைக் குற்றம் சொல்லுங்கள். மண் நிரப்பிய மனையில் சுவர் தானாகவே இறங்கி விரிசல் விடும். விரல் தடிமன் வேர் என்றால் வெட்டிவிடலாம். மணிக்கட்டு அளவென்றால் கட்டடப் பொறியாளரையும் மரம் வெட்டுபவரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

கிளை மின்கம்பியைத் தொடுகிறதா, தொட ஒரு கை தூரம் இருக்கிறதா? அலுமினிய ஏணியையும் இரும்புத் தொரட்டியையும் உள்ளே வைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், மின்னகம் எண் 94987 94987. அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக லைன்மேன் வாயால் சொல்லும் வரை, ‘நான் பார்த்துக்கொள்கிறேன் சார்’ என்று கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு வரும் தேங்காய் பறிப்பவரையும் ஏறவிடாதீர்கள்.